கெடு தேதிக்குப் பிறகு தொடங்கும் லாபம்

மாதம் 50,000 ரூபாய்க்குக் கார்டு தேய்த்து, கெடு தேதிக்கு முன்பே பில் தொகை முழுவதையும் கட்டிவிடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் செலவு செய்கிறார். கடைக்காரர் நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் அளவில் கழிவு விட்டுக்கொடுக்கிறார். அதில் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நிறுவனங்களுக்கும் கடையில் கருவி வைத்த வங்கிக்கும் சிறு பங்கு போக, பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு வருகிறது. அதை ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வரவு 9,000 ரூபாய். இனிச் செலவைப் பார்க்கலாம். ரிவார்டு பாயிண்ட், கேஷ்பேக் என்று ஒரு சதவீதம் திருப்பிக் கொடுத்தால் 6,000 ரூபாய். பொருள் வாங்கிய நாளுக்கும் பில் கட்டும் நாளுக்கும் சராசரியாக 35 நாள் இடைவெளி இருந்தால், வங்கியின் பணம் சராசரியாக 57,000 ரூபாய்க்குக் குறையாமல் அவரிடம் வட்டியில்லாமல் நிற்கிறது. அந்தப் பணத்தைத் திரட்ட வங்கிக்கு ஏழரை சதவீதம் ஆகிறது என்றால் அது 4,300 ரூபாய். ஆக, 9,000 வரவுக்கு 10,300 செலவு. விமான நிலைய லவுஞ்ச், மோசடி இழப்பு, ஊழியர் சம்பளம் எதையும் இதில் சேர்க்கவில்லை. இவை தோராய எண்கள்தாம். ஆண்டுக் கட்டணம் வாங்கினாலோ அவர் வெளிநாட்டில் செலவழித்து மூன்றரை சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணம் தந்தாலோ கணக்கு நிமிர்ந்துவிடும். ஆனால், எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் இவர் பெரிய லாபம் தரும் ஆள் அல்ல.

அதே வங்கியில் இன்னொருவர் ஒரு லட்சம் ரூபாய் நிலுவை வைத்திருக்கிறார். புதிதாக எதுவும் வாங்கவில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதந்தோறும் தவறாமல் கட்டுகிறார். இந்தியாவின் பெரிய வழங்குநர்கள் இப்படிப்பட்ட நிலுவைக்கு மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி போடுகிறார்கள். 3.75 என்றால் ஆண்டுக்கு 45 சதவீதம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. மற்றக் கடன்களின் வட்டிக்கு ஜிஎஸ்டியிலிருந்து விலக்கு உண்டு. 2017ஆம் ஆண்டின் விலக்கு அறிவிக்கை கிரெடிட் கார்டு வட்டியை மட்டும் பெயர் சொல்லி வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆகவே கையைவிட்டுப் போவது ஆண்டுக்கு 53 சதவீதம். குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதல் மாதம் அவர் கட்டும் 5,221 ரூபாயில் 4,425 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே சரியாகிவிடும். அசலில் கழிவது 796 ரூபாய். இப்படியே கட்டிவந்தால் ஒரு லட்சம் ஐம்பதாயிரமாகக் குறைய ஏழு ஆண்டுக்கும் மேல் ஆகும். அதற்குள் அவர் கட்டியிருக்கும் மொத்தத் தொகை ஏறக்குறைய 3 லட்சத்து 28 ஆயிரம். இவருக்குத் தாமதக் கட்டணம் இல்லை, வசூல் ஆள் வீடு தேடி வருவதில்லை, சிபில் ஏட்டில் தவறிய தவணை என்று ஒன்றும் இல்லை. வங்கியின் கண்ணுக்கு ஒழுங்கான வாடிக்கையாளர்.

மூன்றாவது ஆள் கட்டவே முடியாமல் போனவர். அவர் வாங்கிய கடனுக்கு ஈடு எதுவும் இல்லாததால் அசலின் பெரும்பகுதி வங்கிக்கு நஷ்டம். இந்த மூவரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இந்தத் தொழிலின் லாபம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். முழுத்தொகை கட்டுபவரிடம் அது சொற்பம், கட்டவே கட்டாதவரிடம் நஷ்டம். நடுவில், தவறாமல் கட்டிக்கொண்டும் எப்போதும் தீராமலும் இருப்பவரிடம்தான் லாபம் குவிகிறது. இதுவரை சொன்னது நிதித்துறை பழகிய யாருக்கும் தெரிந்ததே. நான் வாதிட விரும்புவது இதற்கு அடுத்த படியை. இந்த மூவரையும் மூன்று வகை மனிதர்களாக நாம் எண்ணிக்கொள்கிறோம்: சிக்கனக்காரர், ஊதாரி, ஏமாற்றுக்காரர். நிறுவனங்களின் கணக்கேடு அப்படி எண்ணுவதில்லை. 2020 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்த எஸ்பிஐ கார்டு நிறுவனம் தன் காலாண்டு அறிக்கைகளில், வரவேண்டிய தொகையை முழுதாகக் கட்டப்படுவது, சுழலும் நிலுவை, தவணை என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. அங்கே பிரிக்கப்படுவது பணம், ஆள் அல்ல. ஜனவரியில் முழுதாகக் கட்டியவர் ஜூனில் பள்ளிக் கட்டணமோ மருத்துவமனைச் செலவோ வந்ததும் பாதியைக் கட்டுகிறார். கட்டாத மீதிப் பாதி கணக்கேட்டின் முதல் பத்தியிலிருந்து இரண்டாம் பத்திக்கு இடம் மாறுகிறது. கார்டுத் தொழிலின் உண்மையான திறமை லாபகரமான ஆட்களைத் தேடிப் பிடிப்பதில் இல்லை, இந்த இடமாற்றத்தை எளிதாக்குவதிலும் திரும்பிப்போவதைக் கடினமாக்குவதிலும் இருக்கிறது.

இதற்கான முதல் சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. லாரன்ஸ் ஆசுபெல் என்ற பொருளியலாளர் 1991இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரை, இன்றும் இத்துறையின் அடித்தளம். அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 வங்கிகள் கார்டு கொடுத்தன. பாடநூல் சொல்லும் போட்டிச் சந்தைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால், 1980களில் வங்கிகள் பணம் திரட்டும் செலவு பெருமளவு இறங்கியபோதும் கார்டு வட்டி 18, 19 சதவீதத்திலேயே அசையாமல் நின்றது. 1983 முதல் 1988 வரை பெரிய வழங்குநர்கள் சாதாரண வங்கித் தொழிலைப்போல் மூன்றிலிருந்து ஐந்து மடங்கு வரை ஆதாயம் ஈட்டினார்கள். போட்டி ஏன் விலையை இறக்கவில்லை? ஆசுபெல் சொன்ன காரணம் எளிமையானது. கார்டு வாங்கும்போது பெரும்பாலோர் தாம் நிலுவை வைக்கப்போவதில்லை என்றே நம்புகிறார்கள். வைக்காத நிலுவைக்கு வட்டி எவ்வளவாக இருந்தால் என்ன? அவர்கள் பார்ப்பது ஆண்டுக் கட்டணத்தையும் பாயிண்டையும். வட்டியைப் பார்த்துக் கார்டு தேர்ந்தெடுப்பவர் கடன் வாங்கப்போவது தமக்கே தெரிந்தவர். அவர்களில் நொடித்துப்போகக்கூடியவர்கள் அதிகம். வட்டியைக் குறைக்கும் வங்கி அவர்களைத்தான் ஈர்க்கும். ஆக, வங்கி விரும்பும் வாடிக்கையாளர் கடன் வாங்கும் எண்ணமே இல்லாமல் வந்து கடன்படுபவர். இந்த நுட்பத்தைக் கண்டுகொண்டால், முழுதாகக் கட்டுபவருக்கு வங்கிகள் ஏன் நஷ்டத்திலும் சிவப்புக் கம்பளம் விரிக்கின்றன என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. அவர்கள் எல்லோரும் எப்போதும் முழுதாகக் கட்டப்போவதில்லை.

கடன் வரம்பு இதில் வெறும் எண் அல்ல, ஒரு கருவி. டேவிட் கிராஸ், நிக்கலஸ் சூலிலஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வரம்பு 1,000 டாலர் உயர்ந்தால் கடன் சராசரியாக 100 முதல் 140 டாலர் வரை உயர்வதைக் கண்டார்கள். வரம்பை எட்டிவிட்டுத் தவிப்பவர்களிடம் மட்டும் இது நடந்தால் வியப்பில்லை. வரம்புக்கு வெகு கீழே நின்றவர்களும் கூடுதலாகக் கடன்பட்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதே ஆய்வு இன்னொரு புதிரையும் காட்டியது: கார்டில் உயர்ந்த வட்டிக்கு நிலுவை வைத்திருக்கும் பலர், அதைத் தீர்க்கக்கூடிய பணத்தைச் சொற்ப வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தார்கள். குறைந்தபட்சத் தொகையின் வேலையோ இன்னும் நுட்பமானது. பிரிட்டனில் உளவியலாளர் நீல் ஸ்டூவர்ட் 2009இல் வெளியிட்ட சோதனையில், பில்லில் அந்த எண்ணை அச்சிடாமல் விட்டபோது மக்கள் கட்டத் தயாரான தொகை கணிசமாக உயர்ந்தது. அந்த எண் கட்டாயத் தரையாக மட்டும் இருக்கவில்லை. எவ்வளவு கட்டலாம் என்று யோசிப்பவரைக் கீழ்நோக்கி இழுக்கும் நங்கூரமாகவும் இருந்தது. நம் ஊர் விதிகளில் இதைவிடக் கடுமையான ஒரு பொறி உண்டு. பில்லில் சிறு தொகையை மிச்சம் வைத்தாலும், அடுத்து வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் இல்லாமல் போய்விடுகிறது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. பழைய பாக்கியை முழுதாகத் தீர்க்கும்வரை அந்தச் சலுகை மீளாது. இரண்டாம் பத்திக்குள் நுழைய ஒரு மாதத் தடுமாற்றம் போதும். வெளியே வர மொத்தத் தொகையும் ஒரே நேரத்தில் கையில் வேண்டும்.

முதல் ஆளின் பாயிண்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வியே. ஒரு பகுதி கடைக்காரரிடமிருந்து வருகிறது. அவர் அதைப் பொருளின் விலையில் ஏற்றும்போது ரொக்கம் கொடுப்பவரும் அதைச் சுமக்கிறார். பாஸ்டன் மத்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் போட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் ரொக்கத்தில் வாங்கும் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரைக் கார்டு வைத்திருப்போருக்குத் தாரை வார்க்கிறது. கடைக்காரர் தன் செலவு முழுவதையும் விலையில் ஏற்றிவிடுகிறார் என்ற ஊகம் அந்தக் கணக்கில் இருப்பதால் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. திசை மட்டும் சரி. இன்னொரு பகுதி மற்ற கார்டுதாரர்களிடமிருந்தே வருகிறது. சுமித் அகர்வாலும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்காவில் பாயிண்ட் கார்டுகள் வழியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 கோடி டாலர் கைமாறுவதாக மதிப்பிட்டது. ஏழைகளிடமிருந்து பணக்காரர்களுக்குப் போகிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் அது எதிர்பார்த்ததுதான். அவர்கள் கண்டது வேறு: எந்த வருமான மட்டத்திலும், கடன் மதிப்பெண் குறைந்தவர் இழக்கிறார், கூடியவர் பெறுகிறார். நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு பில்லைக் கவனிக்காதவரும் இழக்கும் பக்கத்திலேயே நிற்கிறார். நிறுவனம் வருமானத்தைப் பார்த்து ஆளைப் பிரிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் எழும் மறுப்பு, வட்டி என்பது ஆபத்துக்கான விலை என்பது. ஈடில்லாக் கடன், சிறு தொகைகள், வசூல் செலவு. கட்டாதவர் விட்டுச்செல்லும் பள்ளத்தைக் கட்டுபவர்தானே நிரப்ப வேண்டும்? இதில் உண்மை இருக்கிறது. இந்தியாவில் வாராக்கடன் அச்சம் கற்பனையல்ல. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கார்டு நிலுவைகளுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தைக் கணக்கிடும் ஆபத்து எடையை 125இலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது இதற்காகத்தான். ஆனால், விலை முழுவதும் ஆபத்தினால் ஆனது என்றால், ஒரு கட்டணத்தைத் தடைசெய்யும்போது இன்னொன்று உயர வேண்டும், அல்லது கடன் சுருங்க வேண்டும். அமெரிக்கா 2009இல் கார்டு சட்டம் கொண்டுவந்து தாமதக் கட்டணத்தையும் வரம்பு மீறல் கட்டணத்தையும் கட்டுப்படுத்தியபோது வங்கிகள் அப்படித்தான் எச்சரித்தன. கோடிக்கணக்கான கணக்குகளை வைத்து அகர்வால், சோம்சிசெங்பெட், மஹோனி, ஸ்ட்ரோபெல் நால்வரும் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. அந்தச் சட்டத்தால் வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுக்கு 1,190 கோடி டாலர் மிச்சமானது. கடன் மதிப்பெண் குறைந்தவர்களுக்கே மிகுதியாக. வட்டி உயர்ந்ததற்கோ கடன் குறைந்ததற்கோ சான்று கிடைக்கவில்லை. அந்தக் கட்டணங்களில் பெரும்பகுதி ஆபத்தின் விலையாக இருக்கவில்லை என்பதே இதன் பொருள். அதே ஆய்வு என் தரப்புக்கு உவப்பில்லாத ஒன்றையும் சொல்கிறது. குறைந்தபட்சத் தொகையே கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டாகும் என்று பில்லில் அச்சிட வைத்த விதியால் ஏறக்குறைய எந்தப் பயனும் விளையவில்லை. தகவல் கொடுத்தால் மக்கள் திருந்திவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு இது சாதகமில்லை.

அடுத்த மறுப்பு பெரியவர்களின் சுதந்திரம் பற்றியது. விதிமுறைகள் அச்சிட்டுக் கொடுக்கப்படுகின்றன, கையெழுத்துப் போட்டது வாடிக்கையாளர், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இந்தியாவில் இந்த வாதம் நீதிமன்றம்வரை போய் வென்றிருக்கிறது. கெடுவில் முழுதாகக் கட்டத் தவறியவரிடம் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடவடிக்கை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வட்டியை முறைப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை, ஆணையத்தின் வேலை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கிக் கடனை நீதிமன்றங்கள் மறுபரிசீலனை செய்யக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு சொல்கிறது. சட்டப்படி தீர்ப்பில் குறை காண்பது கடினம். இதன் விளைவைத் தமிழ்நாட்டில் நின்று பார்த்தால்தான் விசித்திரமாக இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடைசெய்கிறது. 45 சதவீதம் வாங்கும் கார்டை அது தொட முடியாது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1978இல் மார்க்கெட் வங்கி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் வட்டி வரம்பே செல்லும் என்றது. வரம்பை நீக்கிய தெற்கு டகோட்டாவுக்கு 1981இல் சிட்டிபேங்க் தன் கார்டுப் பிரிவைக் கொண்டுபோனது.

சுதந்திர வாதத்துக்குப் பதில் சட்டத்தில் இல்லை. விலையின் இயல்பில் இருக்கிறது. அரிசியின் விலை வாங்கும்போதே தெரியும். கார்டின் விலையோ நான் வருங்காலத்தில் எப்படி நடந்துகொள்வேன் என்பதைப் பொறுத்தது. அதைக் கணிப்பதில் எனக்கு ஒரே ஒரு ஆளின் அனுபவம்தான் இருக்கிறது. வங்கியிடம் லட்சக்கணக்கானோரின் வரலாறு இருக்கிறது. ரிச்சர்ட் ஃபேர்பேங்க், நைஜல் மோரிஸ் இருவரும் 1980களின் இறுதியில் வர்ஜீனியாவின் சிக்னெட் வங்கியில் தொடங்கிய வேலை இதுவே. ஒரே கார்டை வெவ்வேறு வட்டி, கட்டணம், சலுகையோடு வெவ்வேறு கூட்டத்துக்கு அனுப்பி யார் எப்படி நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். அந்தப் பிரிவு பின்னர் கேப்பிட்டல் ஒன் என்ற தனி நிறுவனமானது. அளத்தல் எல்லை மீறியதும் உண்டு. கடன் கிடைக்காதவர்களைக் குறிவைத்து வளர்ந்த பிராவிடியன், முறைகேடான கட்டணங்களுக்காக 2000இல் குறைந்தது 30 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

வட்டிக்கு வரம்பு வைத்தால் ஏழைகள் கந்துவட்டிக்காரரிடம் தள்ளப்படுவார்கள் என்ற மறுப்புக்கு நான் பாதி உடன்படுகிறேன். வட்டி உச்சவரம்பு முதலில் வெட்டிவிடுவது நொடிக்கக்கூடியவரைத்தான். ஆனால், இந்தியாவில் கார்டு பெரும்பாலும் மாதச் சம்பளமும் சிபில் மதிப்பெண்ணும் உள்ளவருக்கே கிடைக்கிறது. தண்டல்காரரின் வாடிக்கையாளர் வேறு ஆள். ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட நெறிமுறைகள் வட்டி விகிதத்தைத் தொடாமல் வேறு இடத்தில் கைவைத்தன, அது சரியான இடம் என்றே நினைக்கிறேன். கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது, கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது, குறைந்தபட்சத் தொகை கட்டியும் கடன் வளரும்படி அதை நிர்ணயிக்கக் கூடாது என்றது. மேலே போட்ட கணக்கில் அசல் முதல் மாதம் 796 ரூபாயாவது குறைவது இந்த விதிக்கு உட்பட்டே. விதி இன்னும் ஒரு படி போயிருக்கலாம். கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் செய்ய வாடிக்கையாளர் இசையும்போது, வேறாகச் சொல்லாதவரை பிடிக்கப்படுவது முழுத்தொகையாகவே இருக்க வேண்டும் என்பது அந்தப் படி.

இதற்கிடையே தொழில் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. எஸ்பிஐ கார்டின் அறிக்கைகளில் சுழலும் நிலுவையின் பங்கு கோவிட்டுக்கு முன் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைந்து 2023-24 வாக்கில் ஏறத்தாழ கால் பங்காக நின்றது. தவணையின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியது. நிலுவை வைப்பதை அவமானமாகக் கருதும் நடுத்தர வர்க்கம் தவணையை அப்படிக் கருதுவதில்லை. 30,000 ரூபாய்க் கைப்பேசியை வட்டியில்லாத் தவணையில் ஆறு மாதத்துக்கு, மாதம் 5,000 வீதம் வாங்குகிறார் என்று வைப்போம். வங்கி 16 சதவீதம் வட்டி போட்டால் அது ஏறக்குறைய 1,350 ரூபாய். கைப்பேசி நிறுவனம் அந்த அளவு விலையில் கழித்துக்கொடுத்துச் சரிக்கட்டுகிறது. அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி 243 ரூபாய் வாடிக்கையாளர் தலையில். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் அதுவும் அதன் வரியும் சேர்ந்து இன்னொரு 235. சுழி வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. வங்கியைப் பொறுத்தவரை இது முழுத்தொகை கட்டுபவரிடமிருந்தும் வட்டி வாங்கும் வழி. அவரே உணராமல், பெரும்பாலும் வேறொருவர் பையிலிருந்து. தவணை ஒவ்வொன்றும் அந்தந்த மாதக் குறைந்தபட்சத் தொகையில் சேர்கிறது. கெடுவில் கட்டத் தவறினால் அந்தத் தவணைக்கு 16 சதவீதக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். அது மாதம் 3.75 சதவீதம் ஓடும் நிலுவையாகிவிடும்.